எதிர்வெயிலில் எடுத்த படம்

திருட்டுப் போனது ஒரே ஒரு மெமரி கார்டு. அதற்குப் பக்கத்திலேயே, விற்றால் ஒரு நல்ல கார் வாங்கக்கூடிய லென்ஸ்கள் மூன்று அப்படியே இருந்தன.

“ரொம்ப மரியாதையான திருடன், பாஸ்,” என்றான் நாச்சோ. “தேவைக்கு மேல எடுக்கிறதில்ல. எங்க மாமா வீட்டு விருந்துக்கு இவனைத்தான் கூப்பிடணும்.”

லோர்னா ட்வீட் உடைந்த பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸாகப் பாதி வாழ்நாளைக் கழித்துவிட்டு, இப்போது இண்டியோ என்கிற பாலைவன ஊரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறிபவள் அவள். இக்னாசியோ என்கிற முழுப் பெயரைச் சொல்லி அவன் அம்மாகூடக் கூப்பிடாத நாச்சோ, அவளுடைய ஒரே உதவியாளன். கீழே பல் பிடுங்கும்போது எழும் அலறல்களைக் கேட்டுக் கேட்டு அவனுக்கு எதற்கும் பயமில்லாமல் போய்விட்டது.

இருவரும் நின்றுகொண்டிருந்தது தெல்மா க்ரோவின் ட்ரெய்லர் வீட்டுக்குள். குதிரை தாண்டும் போட்டிகளுக்கு ஊர் ஊராக இந்த ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுப்பவள் தெல்மா. குளிர்காலம் முழுக்க இந்தப் பாலைவன மைதானம். பிறகு கொலராடோ, ஓரிகன், எங்கே கம்பு நட்டுக் குதிரை ஓட்டுகிறார்களோ அங்கே. அறுபதை நெருங்கும் வயது. தொப்பிக்குக் கீழே முகம் வெயிலில் காய்ந்து போயிருந்தது. உள்ளே ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு நாற்காலி. லோர்னாவுக்கு நாற்காலியைக் கொடுத்ததும் தெல்மாவுக்கு உட்கார இடமில்லை.

“எப்ப திருடு போச்சு?” என்றாள் லோர்னா.

“செவ்வாய்க்கிழமை. மத்தியானப் போட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா பூட்டு உடைஞ்சு கிடக்கு.”

தெல்மா கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

லோர்னாவைத் தேடி இந்த வழக்கு வந்தது மூன்று நாளைக்கு முன்பு. இங்க்ரிட் ஹோல்ம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். நல்ல உடை, நல்ல கைப்பை, கண்ணில் நீர். அவளுடைய தம்பி ஆண்டர்ஸ் ஹோல்ம் பெயர் பெற்ற குதிரை வீரன். இரண்டு வருடத்துக்கு முன் இதே மைதானத்தில், கோபால்ட் என்கிற குதிரையோடு ஒரு தடையில் மோதி விழுந்தான். குதிரை செத்துப்போனது. அன்று இரவே ஆண்டர்ஸின் கார் பாசனக் கால்வாயில் தலைகுப்புறக் கிடந்தது. உடல் கிடைக்கவில்லை. செத்துவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

“அந்த விபத்துக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தான். அதுதான் நான் அவனைக் கடைசியா பார்த்தது,” என்று சொன்னாள் அவள். “போன வாரம் ஒரு போட்டோகிராஃபரோட வெப்சைட்டைப் பார்த்தேன். ஒரு குதிரைப் படத்துல, பின்னால தூரத்துல ஒரு ஆள் நிக்கிறான். முகம் தெளிவா இல்ல. ஆனா தலையை ஒரு பக்கமா சாய்ச்சு நிக்கிறான். என் தம்பி அப்படித்தான் நிப்பான். மறுநாள் பார்த்தா அந்தப் படத்தையே காணோம்.”

அந்தப் படம் இருந்த கார்டுதான் திருட்டுப் போய்விட்டதாகத் தெல்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

லோர்னா மேஜையில் இருந்த துணிப்பையைத் திறந்தாள். உள்ளே இன்னும் பல கார்டுகள். எல்லாமே ஒரே அச்சு. எதிலும் பெயரோ தேதியோ கிடையாது. நகப்பூச்சால் வைத்த சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும்: சிவப்பு, பச்சை, சிவப்பில் இரண்டு, நீலத்தோடு ஒன்று.

“இது என்ன கணக்கு?”

“எனக்குப் புரியறதுக்கு. எந்த நாள், எந்த மைதானம்னு.”

“வேற யாருக்காவது புரியுமா?”

“என்னைத் தவிர யாருக்குப் புரியணும்?” என்றாள் தெல்மா. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

நாச்சோ மெல்ல விசில் அடித்தான். “அப்ப திருடன் ஜோசியம் படிச்சவன். கரெக்டா அந்த ஒரு கார்டை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“பூட்டை நீங்களேதானே உடைச்சீங்க?” லோர்னாவின் குரலில் கடுமை இல்லை.

தெல்மா ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டை விரலைத் தடவிக்கொண்டாள். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ அடுத்த குதிரையின் எண்ணைச் சொன்னார்கள். காற்றில் பாதி எண் பறந்து போனது.

“பூட்டு உடைக்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?” என்றாள் கடைசியில். “சுத்தியலால கட்டை விரல்ல ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.”

“எதுக்கு?”

“ஒரு ஆர்டர் வந்துச்சு. பேர் போடல. படம் வாங்கறவங்க எல்லாரும், ‘எங்க குதிரையைப் பெருசா போட்டுக் குடுங்க’ன்னுதான் கேப்பாங்க. இது ஒண்ணு மட்டும், ‘குதிரையை வெட்டிடுங்க, பின்னால இருக்கிற மூலையை மட்டும் பெருசாக்கி அனுப்புங்க’ன்னு வந்துச்சு. யாரோ அவனைத் தேடறாங்கன்னு புரிஞ்சுது. உடனே வெப்சைட்ல இருந்து படத்தை எடுத்துட்டேன். யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒரு திருட்டும் வேணும்ல?”

“பயப்படாதீங்க. ஆர்டர் குடுத்தது ஆண்டர்ஸோட அக்கா. அவங்கதான் எங்களையும் அனுப்பினாங்க.”

“அக்காவா!” தெல்மாவின் தோள்கள் அப்படியே தளர்ந்தன. “அவனுக்குன்னு ஒருத்தர் இருக்காங்களா?”

“இந்த மைதானத்துலதான் அவன் இருக்கான், இல்லையா?” என்றாள் லோர்னா. “உங்க வெப்சைட்ல இந்த வருஷப் படம் எல்லாத்தையும் பார்த்தேன். எப்பவும் வெயில் உங்க முதுகுல விழற மாதிரிதான் நிக்கிறீங்க. குதிரை பளபளன்னு இருக்கு. வில்லோன்னு ஒரு சாம்பல் குதிரை வரும்போது மட்டும் மைதானத்தோட எதிர்ப்பக்கம் போயிடுறீங்க. நேரா சூரியனைப் பார்த்து எடுக்கறீங்க. குதிரை கருப்பு அட்டையை வெட்டி ஒட்டின மாதிரி விழுது. அந்தக் குதிரைக்காரங்க ஒரு படமாவது வாங்கினாங்களா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“உங்களுக்குத் தொழில் தெரியாதுன்னு நான் நம்பல. அப்ப நீங்க எடுத்தது குதிரையை இல்ல. அதுக்குப் பின்னால இருக்கிறதை.”

அந்தப் பக்கம் பின்னால் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: தீவனக் கொட்டகை.

“வில்லோ, ஆண்டர்ஸ் குட்டியில இருந்து பழக்கின குதிரை,” என்றாள் தெல்மா. “இப்ப வேற யாரோ ஓட்டுறாங்க. அது தாண்டற நேரத்துக்கு மட்டும் அவன் கொட்டகையை விட்டு வெளியே வருவான். மூட்டை தூக்கற ஆள் மாதிரி தாடி, தொப்பி. அது கடைசிக் கம்பைத் தாண்டினதும் உள்ளே போயிடுவான். அவனுக்குக் கையைத் தட்டக்கூட முடியாது.”

“போய்ப் பேசினீங்களா?”

“இல்ல. ஒளிஞ்சிருக்கிறவன்கிட்ட போய் ‘உன்னைப் பார்த்துட்டேன்’னு சொன்னா, மறுநாள் இருக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை வில்லோ தாண்டும், அவன் வெளியே வருவான்னு தெரியும். நான் போய் நிப்பேன். அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தப்பித் தவறி வெப்சைட்ல ஏத்தினதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம்.”

ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்த நாச்சோ தொலைநோக்கியை இறக்கினான். “பாஸ், கொட்டகை வாசல்ல ஒருத்தன் மூட்டை இறக்கறான். தாடி. தலை வலது தோள் மேல சாஞ்சிருக்கு. அந்தம்மா சொன்ன மாதிரியே. சந்தோஷமான சேதி, நான் இப்பவே அவங்களுக்கு அனுப்பிடறேன்.” சொல்லும்போதே அவன் கட்டைவிரல் ஃபோனில் ஓடி முடித்துவிட்டது.

“பாவம்,” என்றாள் தெல்மா. “விழுந்ததுல கழுத்து அப்படி ஆயிடுச்சு. முன்னெல்லாம் கம்பு மாதிரி நேரா உட்காருவான்.”

லோர்னா எழுந்து நின்றாள். “என்ன சொன்னீங்க?”

“அன்னைக்கு விழுந்ததுலதான் கழுத்து போச்சு. முதலுதவிக் கொட்டகையில பட்டை போட்டாங்க. தலையை ஒரு பக்கமா பிடிச்சுட்டு, குதிரையைப் பார்க்கணும்னு எழுந்து போனான். அன்னைக்கு ராத்திரிதான் கார் கால்வாய்ல...”

“அதுக்கு முன்னாடி அவனுக்குத் தலை சாயவே சாயாதா?”

“என்கிட்ட அவன் படம் நூறு இருக்கு. பார்க்கறீங்களா?”

“நாச்சோ,” என்றாள் லோர்னா. “கிறிஸ்துமஸுக்கு அப்புறம் தம்பியைப் பார்க்காத அக்காவுக்கு, அவன் தலை சாய்ச்சு நிப்பான்னு எப்படித் தெரியும்?”

நாச்சோவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான்.

தெல்மா மடிக்கணினியில் அந்த நாளைத் திறந்தாள். வெயில், கம்பு, காற்றில் மிதக்கும் குதிரைகள். கோபால்ட்டின் மேல் ஆண்டர்ஸ் ஆணி அடித்த மாதிரி நேராக இருந்தான். எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

“இதுக்கு முன்னாடி எடுத்தது?”

“அதெல்லாம் வெளிச்சம் பார்க்கறதுக்குச் சும்மா தட்டினது. நான் திறந்தே பார்த்ததில்ல. எதையும் அழிக்க மனசு வராது, அதனால கிடக்கு.”

“திறங்க.”

பயிற்சித் திடல். யாருமில்லாத ஒரு தடை. அதற்குப் பின்னால், லாரிகளின் நிழலில் கோபால்ட் நிற்கிறது. அதன் முன்னங்காலுக்குக் கீழே ஒரு பெண் மண்டியிட்டிருக்கிறாள். தெல்மா அந்த மூலையைப் பெரிதாக்கினாள். பெண்ணின் கையில் ஊசி. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்த முகம், நேராகக் கேமராவைப் பார்க்கிறது.

“கார்லோட்டா வைஸ்,” என்றாள் தெல்மா. “கோபால்ட்டோட சொந்தக்காரி. இவ எதுக்குக் கீழே உட்கார்ந்து...”

“அய்யய்யோ,” என்றான் நாச்சோ. “இவங்கதான் பாஸ் நம்ம ஆஃபீஸ்ல உட்கார்ந்து அழுதவங்க!”

அவன் கையில் ஃபோன் அதிர்ந்தது. பதில் வந்திருந்தது. அதை அவன் வாய்விட்டுப் படித்தான்.

“‘பக்கத்துலதான் இருக்கேன். வந்துட்டே இருக்கேன். அவன் தனியா இருக்கானா?’”

நல்லா இருக்கானா என்று அவள் கேட்கவில்லை.

லோர்னா தன் பழைய ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். ஆள் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மூவரும் மைதானத்தின் ஓரமாகக் கொட்டகைக்கு ஓடினார்கள். அன்றைய கடைசிப் போட்டி முடிந்து, கம்புகளை அடுக்கிவிட்டு ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள் வைக்கோல் கட்டுகள் கூரை வரை நின்றன. ஆண்டர்ஸ் கையில் மூட்டைக் கொக்கியோடு திரும்பினான். ஓட ஒரு வழிதான் இருந்தது. அதில் லோர்னா நின்றாள்.

“ஆண்டர்ஸ், ஓடாதே. கார்லோட்டா வந்துட்டிருக்கா.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவன் அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“யார் சொன்னாங்க அவளுக்கு?”

“நான்தான்,” என்றான் நாச்சோ. “உங்க அக்கான்னு நினைச்சு. என்னை அப்புறம் உதைச்சுக்கலாம்.”

ஆண்டர்ஸ் பேசிப் பழக்கம் விட்டுப்போனவன் போல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினான். “அன்னைக்கு முதல் கம்புலயே கோபால்ட்டோட கால் இடிச்சுது. அது சிலிர்க்கக்கூட இல்ல. வலிச்சா எந்தக் குதிரையும் சிலிர்க்கும். கால்ல இருந்த நோவு தெரியாம ஓட, மரத்துப்போக ஊசி போட்டிருக்காங்கன்னு அப்பவே புரிஞ்சுது. நிறுத்தறதுக்குள்ள அடுத்த தடை வந்துடுச்சு. கால் எங்க இருக்குன்னே அதுக்குத் தெரியல. சாயங்காலம் அவகிட்ட போய், எல்லார்கிட்டயும் சொல்லுவேன்னு சொன்னேன். ராத்திரி கால்வாய் ரோட்டுல அவளோட வண்டி பின்னால வந்து இடிச்சுது. தண்ணிக்குள்ள ஜன்னல் வழியா நீந்தித் தப்பிச்சேன்.”

“ஏன் புகார் குடுக்கல?”

“ஊசியை நான் கண்ணால பார்க்கலையே. தலையில அடிபட்டவன் பேச்சை யார் கேட்பா? செத்தவனை யாரும் தேட மாட்டாங்க. அப்படியே இருந்துட்டேன்.”

தெல்மா மடிக்கணினியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் அந்த முகத்தையும் ஊசியையும் கோபால்ட்டின் காலையும் பார்த்தான்.

“ரெண்டு வருஷமா என்கிட்ட இருந்துச்சு,” என்றாள் தெல்மா. “என்ன இருக்குன்னே தெரியாம வச்சிருந்தேன். தினம் உன் கண்ணு முன்னாலதான் நடந்துட்டு இருந்தேன்.”

“உங்களைத் தெரியும்,” என்றான் ஆண்டர்ஸ். “அந்தப் பக்கம் நின்னா வெளிச்சம் மோசமா இருக்குமே, இந்தம்மா ஏன் அங்க வந்து நிக்கிறாங்கன்னு யோசிப்பேன். வந்து சொல்லலாம்னுகூட ஒரு நாள் நினைச்சேன்.”

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

லோர்னா அவன் தொப்பியையும் மேல்கோட்டையும் வாங்கி மாட்டிக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டாள். ஆண்டர்ஸை இழுத்துக்கொண்டு நாச்சோ வைக்கோல் அடுக்கின் மேல் ஏறினான். தெல்மா கேமராவோடு கட்டுகளுக்கு நடுவில் நுழைந்துகொண்டாள்.

காலடிச் சத்தம் வாசலில் நின்றது.

“ஆண்டர்ஸ்.” அலுவலகத்தில் அழுத அதே குரல். ஈரம் மட்டும் காய்ந்திருந்தது. “அன்னைக்கு இறங்கி வந்து பார்த்திருக்கணும். கார் முழுசா தண்ணிக்குள்ள போச்சு, போதும்னு திரும்பிட்டேன்.”

லோர்னா அசையவில்லை.

“ஒரு ஊசி. எல்லாரும் போடறதுதான். அதுக்குப் போய் ஊரைக் கூட்டுவேன்னியே.” கைப்பையின் கொக்கி திறக்கும் சத்தம்.

குதிரை கம்புக்கு மேலே எழும்பி, ஏறுவதும் இறங்குவதுமில்லாமல் ஒரு கணம் காற்றில் நிற்கும். வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கணத்துக்காகவே காத்திருந்து பழகிய விரல் தெல்மாவுடையது. துப்பாக்கி பையிலிருந்து முழுசாக வெளியே வந்து, லோர்னாவின் முதுகைப் பார்த்து நிமிர்ந்த கணத்தில் அவள் அழுத்தினாள். ஒன்றல்ல, கேமரா படபடவென்று பொரிந்தது.

கார்லோட்டா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். அதற்குள் மேலிருந்து ஒரு வைக்கோல் கட்டு அவள் தோளில் வந்து விழுந்தது. துப்பாக்கி தரையில் உருண்டது. லோர்னா அதன் மேல் காலை வைத்தாள்.

“மன்னிச்சுக்கோங்க மேடம்,” என்றான் நாச்சோ மேலிருந்து. “ஆள் தனியா இருக்கானான்னு கேட்டீங்கள்ல. இல்லன்னு பதில் அனுப்ப மறந்துட்டேன்.”

ஷெரிஃப் வண்டிகள் வந்து, கார்லோட்டாவை ஏற்றிக்கொண்டு போனபோது பொழுது சாய்ந்திருந்தது. லோர்னா மின்னசோட்டாவில் இருந்த உண்மையான இங்க்ரிட் ஹோல்மின் எண்ணைத் தேடிப் பிடித்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆண்டர்ஸின் கையில் கொடுத்தாள். அவன் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“ஆண்டர்ஸ்,” என்றாள் அந்த அக்கா. “டேய், பஸ்டர் போன மாசம் செத்துட்டான்டா.”

“எப்படி?”

“வயசாயிடுச்சு. நான் தனியா குழி தோண்டினேன். மண்ணெல்லாம் பனியில கல்லா இருந்துச்சு. நீ இருந்திருந்தா...”

குதிரை செத்ததையும் கார் மூழ்கியதையும் கண்ணில் ஈரமில்லாமல் சொன்னவன், தீவன மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாய்க்காக அழுதான். “வைச்சுடாதே,” என்று ஃபோன் சொல்லிக்கொண்டே இருந்தது. “அழுதுக்கோ, ஆனா ஃபோனை வைச்சுடாதே.”

லோர்னா ஃபோனை அவனிடமே விட்டுவிட்டு வெளியே வந்தாள். தெல்மா ட்ரெய்லரிலிருந்து அந்த ஒற்றை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கொட்டகை வாசலுக்கு வெளியே போட்டு, உள்ளே பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

“போகலையா?” என்றாள் லோர்னா.

“அவன் பேசி முடிக்கட்டும். முடிச்சதும் யாராவது இருக்கணும்ல?”

இண்டியோவுக்குத் திரும்பும் சாலையில் பேரீச்சந்தோப்புகள் இருட்டாக ஓடின. நாச்சோ வண்டியை ஓட்டினான். லோர்னா, அவசரத்துக்கு வண்டியிலேயே வைத்திருக்கும் பழைய ஃபோனை முன்பலகைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்காவது பேசணுமா, பாஸ்?”

“எனக்கு யாருடா இருக்கா?”

“நான் இருக்கேன். பண்ணிப் பாருங்க. எடுப்பேன்.”

“நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கே, முட்டாள்.”

“அதனாலதான் சிக்னல் நல்லா இருக்கும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசித் தோப்பும் கடந்தது. ஊரின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தபோது, வண்டியின் முன்பலகையில் இருந்த நாச்சோவின் ஃபோன் அடித்தது.

அவன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மிகவும் மரியாதையாக ஸ்பீக்கரை அழுத்தினான்.

“ஹலோ, யார் பேசறது?”

“லோர்னா,” என்றாள் லோர்னா. “சாப்டியாடா?”